முப்பது மீற்றர்

அஞ்சல் கோல் வாங்கப் பள்ளிக்கூடத்தில் காசில்லை.
வேணுஜாவின் அப்பா குழாய் வேலை செய்பவர்.
ஓரடி நீளத்தில் பீவீசி அறுத்து
ஓரத்தை உரசிக் கொடுத்தார்.

நான் மூன்றாமவள், வளைவில் ஓடுபவள்.
நிதுர்ஷனா "கை" என்று கத்துவாள்.
ஓடிக்கொண்டே கையைப் பின்னால் நீட்ட வேண்டும்.
முப்பது மீற்றருக்குள் கோல் மாற வேண்டும்.
திரும்பிப் பார்க்கக் கூடாது.
இதைப் பழக எனக்குப்
பங்குனியிலிருந்து ஆனி வரை போனது.

திரும்பினால் தோள் திரும்பும், கால் குழம்பும்.
"என்னில நம்பிக்கை இல்லையாடி?"
இல்லைதான்.
போன வருசம் என் விஞ்ஞானக் கொப்பியை
இரவல் வாங்கித் தொலைத்தவள் அவள்.

வலயப் போட்டி, களுவாஞ்சிகுடி மைதானம்.
அன்றைக்குத் திரும்பவில்லை.
நீட்டிய கையில் கோல் வந்தது,
விரல் மூடுமுன் போனது.
வெள்ளைக் குழாய்
பக்கத்துப் பள்ளிக்காரியின் பாதைக்குள் உருண்டது.
நிதுர்ஷனா தன் கையைப் பார்த்தாள்.
நான் என் கையைப் பார்த்தேன்.

களுதாவளை வரும்வரை வானுக்குள் கதையில்லை.
வெற்றிலைத் தோட்டங்கள் தொடங்கிய பிறகு
வேணுஜா சொன்னாள்: "குழாய் உடையல்ல."
நிதுர்ஷனாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.
இறங்கும்போது அதை என்னிடமே தந்தார்கள்.

அம்மாவுக்கு இரவு வேலை.
காமென்ட் பஸ் ஐந்தே முக்காலுக்கு வரும்.
மதகடியிலிருந்து அது நிற்கும் இடம் வரை
அளந்தால் முப்பது மீற்றர் தேறும்.
நான் ஒரு பக்கத்தால், தம்பியை இடுப்பில் வைத்தபடி
அம்மா மற்றப் பக்கத்தால்.
"மருந்து ஆறு மணிக்கு. சோறு மூடியிருக்கு."
தம்பி என் தோளுக்கு மாறுவான்.
படியில் ஏறியும் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள்,
கொண்டக்டர் ஏசுவான்.

அன்றைக்குச் சொன்னேன்:
"திரும்பாதீங்க அம்மா. பிடிச்சிட்டன்."
காலையில் தவறவிட்ட அதே வாயால்.

அம்மா ஏறினாள், ஆசனத்தில் இருந்தாள்,
தலை முன்னுக்கே இருந்தது.
பஸ் போன பக்கத்தை
நான்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தம்பி குழாயைப் பிடுங்கிவிட்டான்.
மருந்துக்கும் விடவில்லை, சோற்றுக்கும் விடவில்லை.
இப்போது நித்திரை,
ஐந்து விரலும் இறுக மூடியிருக்கிறது.

நாளைக்குப் பயிற்சி இருக்கிறது.
இதை எப்படிக் கழற்றுவதென்று
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.