எடைக்குப் போகாத காகிதம்

பண்டிகை முடிந்த மூன்றாம் நாள்
கெய்ரோ தன் கடவுளை எங்களுக்கு அனுப்பிவைக்கும்,
முட்டை ஓட்டோடும் ஆரஞ்சுத் தோலோடும்.

முகத்தம் மலையடியில், எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில்
பசேந்தி வண்டியைக் கவிழ்ப்பான்.
பிளாஸ்டிக் இந்தப் பக்கம், தகரம் அந்தப் பக்கம்,
எச்சில் சோறு பன்றிகளுக்கு.
காகிதம் எனக்கு.

எனக்கு எழுத்து தெரியாது.
ஆனாலும் பெயர் அச்சிட்ட காகிதத்தை
விரல் கண்டுபிடித்துவிடும்:
பொன் மை கொஞ்சம் மேடிட்டிருக்கும்,
ஆறிப்போன தழும்பைப் போல.
அதைத் தனிக் கோணியில் போடுவேன்.
திருப்பெயர் உள்ளதை எடைக்குப் போடக் கூடாது.
யார் சொன்னது என்று கேட்காதே. கூடாது.

அடுத்த கொட்டடி இஸ்திர் வருவாள்,
நாலாம் வகுப்பு வரை போனவள்.
வாசித்துக் காட்டக் கூலி ஒரு கண்ணாடிப் புட்டி.
நாள்காட்டி அட்டையைத் தூசி தட்டி
"அரசர்க்கரசர்" என்பாள்.
மிட்டாய்ப் பெட்டி மூடியில் "சமாதானப் பிரபு".
மருந்துக்கடை கொடுத்த வாழ்த்து அட்டை,
மேலே இருமல் மருந்து, கீழே "இம்மானுவேல்".
"அல்பாவும் ஒமேகாவும்" மீது
யாரோ தேநீர்க் கோப்பையை வைத்திருக்கிறார்கள்;
முதலும் முடிவும் ஒரே வட்டக் கறைக்குள்.

"யூதாவின் சிங்கம்" என்றாள் ஒருநாள்,
பின்னாலேயே "தேவ ஆட்டுக்குட்டி".
ஒரே கோணியிலா, என்றேன்.
கடிக்காது, போடு, என்றாள்.

இந்த வருடம் பிளாஸ்டிக் விலை விழுந்தது.
அரைக்கும் எந்திரத்துக்குத் தவணை கேட்டு
இரண்டு முறை ஆள் வந்தாயிற்று.
மூலையில் அந்தக் கோணி மட்டும் நாற்பது கிலோ.
சாலிப் தராசோடு நின்றான்:
"அட்டை நல்ல அட்டை, உம்மு பாகூம்."

இரண்டு இரவு தூங்கவில்லை.
மூன்றாம் இரவு கத்தரிக்கோலை எடுத்தேன்.

பெயரை மட்டும் வெட்டினேன்.
ஓரம் வெறும் காகிதம்தானே,
வான நீலம், தேதிக் கட்டங்கள், இருமல் மருந்து;
ஓரத்துக்கு ஏது மகிமை?
இஸ்திர் விளக்கைப் பிடித்துக்கொண்டாள்.
ஒரே ஒருமுறை வாயைத் திறந்தாள்:
"அங்கே வெட்டாதே.
எல்லாம் வல்லவர் இன்னும் முடியவில்லை."

விடிந்ததும் முப்பத்தெட்டரை கிலோ விலை போனது.
பெயர்கள் ஒரு நெய் டப்பாவில் அடங்கின.
நாற்பது கிலோவில்
ஒன்றரைக் கிலோ கடவுள்.

டப்பாவை ஆடு முட்டித் தள்ளியது.
அன்றைக்கென்று கம்சீன் காற்று.

சந்து முழுக்கப் பொன் எழுத்து.
இஸ்திர் பின்னாலேயே ஓடினாள், கத்திக் கத்தி வாசித்தபடி:
"விடிவெள்ளி" சாக்கடையில் கவிழ்ந்தது.
"நல்ல மேய்ப்பன்" பன்றித் தொழுவுக்குள் போனது,
வெளியே வரவில்லை.
"உலகின் ஒளி" ஈரச் சுவரில் ஒட்டிக்கொண்டது,
கட்டணம் கட்டாமல் மின்சாரம் அறுத்த வீடு அது.
சாலிப்பின் தராசுத் தட்டில் ஒன்று விழுந்தது.
முள் அசையவில்லை.
அவன் குனிந்து படித்தான், தொப்பியைக் கழற்றினான்.
எது என்று யாருக்கும் சொல்லவில்லை.

நான் பொறுக்கத் தொடங்கினேன்.
இதில் எனக்கென்ன கூச்சம்?
முப்பது வருடமாகக் குனிந்த முதுகு.
கிடப்பதை எடுத்து, துடைத்து,
இது இன்னது என்று பிரித்து வைப்பதுதானே பிழைப்பு.

மாலையில், ஆட்டின் வாயிலிருந்து
கடைசித் துண்டைப் பிடுங்கினேன். பாதி மென்றிருந்தது.
இஸ்திர் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"முன்பாதி இல்லை" என்றாள்.
மீதி?
"வர் என்று மட்டும் நிற்கிறது."

வல்லவரா, உயர்ந்தவரா,
தள்ளப்பட்டவரா, இனி வருகிறவரா,
யாருக்குத் தெரியும்.
எச்சிலைத் துடைத்து
உள்ளே போட்டு மூடினேன்.