வாய் திறத்தல்

கழியின் வாயை எந்த நாளில் திறப்பதென்று
மூன்று வாரம் எல்லோரும் வாய் திறந்தார்கள்.
பண்ணைக்காரர் எச்செனிக்கே மேசையைத் தட்டினார்:
என் புல்வெளி முழங்கால் தண்ணீரில்,
பசுக்கள் நாரையாகிவிட்டன.
வலைக்காரி சுல்மா சொன்னாள்:
இறால் குஞ்சு வெளியே காத்து நிற்கிறது,
நேரம் தவறினால் வேறு கதவைத் தட்டப் போய்விடும்.
பல்கலைக்கழகத்து மைதே மெல்லிய குரலில்:
இன்னும் நாலு விரல் ஏறட்டும்,
இப்போது திறந்தால் மறுநாளே மணல் மூடிக்கொள்ளும்.

என்னை யாரும் கேட்கவில்லை.
நான் மண்வாரி எந்திரம் ஓட்டுகிறவன்.
ரோச்சா வட்டாரத்தில் சாலை வெட்டியிருக்கிறேன்,
ஒருமுறை
கரை ஒதுங்கிய திமிங்கிலத்துக்குக் குழி.

செப்டம்பர். குளிர் இன்னும் வாலை இழுத்துக்கொண்டு திரிகிறது.
இந்தப் பக்கம் தேயிலைச் சாயத்தில் கழி,
அந்தப் பக்கம் கடல்.
நடுவே எழுபது மீட்டர் மணல்.
கடைசி வாளி மணலை அள்ளிக் கொட்டியபோது
ஒரு கயிற்றின் பருமனுக்குத்தான் ஒழுகியது.
இவ்வளவுதானா என்று மாத்தே உறிஞ்ச உட்கார்ந்தேன்.

பாதிக் குவளை.
கரை இடிந்தது. மறு கரை இடிந்தது.
எந்திரத்தைப் பின்னால் எடுத்தேன், இன்னும் பின்னால்,
மதியத்துக்குள் என் வாய்க்கால் ஆறாகி
என்னைத் தெரியாதது போல் போனது.

என்னென்ன போயிற்று!
போன கோடையில் எச்செனிக்கேயின் பசுக்கள் இட்ட சாணம்,
உருளைக்கிழங்கு வயலில் மழை திருடிய உரம்,
அழுகிய நாணல்,
ஊர்க் கழிப்பறைத் தொட்டிகளின் கசிவு
(அதைப் பற்றிக் கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை).
பச்சைக் கடலில் பழுப்பு ஒரு பாயாய் விரிந்தது.
கடற்காகங்களுக்கு யார் சொல்லி அனுப்பினார்களோ.

மைதே மணிக்கொரு பாட்டில் எடுத்தாள்.
வடிகட்டி, எண் ஒட்டி, பனிப்பெட்டியில்.
நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கா.
சிலிக்கா என்றால் கண்ணாடியா?
கண்ணாடிதான் என்றாள்.
கண்ணுக்குத் தெரியாத பாசிகள்
கடலில் அதைக் கொண்டு வீடு கட்டுமாம்.
சாணம் சமையலுக்கு, சிலிக்கா சுவருக்கு.
எனக்கு இன்னும் வாடகை வீடு.

மூன்றாம் நாள் நுரை நின்றது.
ஒரு குச்சி, எந்தப் பக்கமும் போகாமல், தன்னையே சுற்றியது.
பிறகு கடல் உள்ளே வந்தது,
தெளிந்து, குளிர்ந்து, அவசரமில்லாமல்.
சுல்மா விளக்கை நீருக்குள் தாழ்த்தினாள்.
உடலே இல்லை. கண்கள் மட்டும்,
ஆயிரமாயிரம் மிளகுப் பொடி அளவில்,
எதிர்த்து நீந்தாமல் ஏறி வந்தன.
அவள் எண்ணவில்லை. விளக்கை அணைத்துவிட்டாள்.

எனக்கு ஒரு நாள் கூலிதான். ஏன் தங்கினேன் என்று
மனைவி கேட்டாள், நானும் கேட்டுக்கொண்டேன்.

மைதேயின் பற்று வரவில் ஒரு கட்டம் காலி.
முதல் இரவு, மூன்று மணிப் பாட்டிலைக் காணோம்.
கை சூடேற்ற அவள் போன நேரம்
என் எந்திரத்தின் படியில் அதை வைத்திருந்தாள்.
வடிகட்டிய நீர், தெளிவாக இருந்தது.
இருட்டு. நான் கெண்டியில் ஊற்றினேன்.
மாத்தே கொஞ்சம் கரித்தது,
என் உதட்டு உப்பென்று நினைத்தேன்.

சொன்னபோது அவள் திட்டவில்லை.
குறிப்பேட்டில் எழுதினாள்:
"03:00 – எந்திரக்காரர் குடித்தார்."
கழி கொடுத்தது கூடுதலா, கடல் கொடுத்தது கூடுதலா என்றேன்.
தெரியாது, ஒரு மணி நேரம் உங்களிடம் இருக்கிறதே என்றாள்.

இல்லை, அதுவும் என்னிடம் இல்லை.
விடியுமுன் வாய்க்கால் ஓரம் நின்று
திருப்பிக் கொடுத்துவிட்டேன்.
நீர் அப்போது கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.
இதை அவளிடம் சொல்லவில்லை.
எந்தப் பத்தியில் எழுதுவாள்?

நாற்பது நாள் கழித்து
இரவோடு இரவாக மணல் வாயை மூடிக்கொண்டது.
அதற்கு யாரும் கூட்டம் போடவில்லை.