எடைமேடை ஜன்னலிலிருந்து

சாலைக்கு அந்தப் பக்கம் ஃப்ரீசனின் வேலி.
அக்டோபரில் எண்ணினேன்: தொண்ணூற்றொரு கம்பங்கள்.
பனி விழுந்து
நிலமும் வானமும் ஒரே தாளானதும்
ஒன்று ஒன்று ஒன்று என்று
அத்தனையும் சேர்ந்து ஒரே எண்ணாய் நின்றன.
தமிழ் எண்ணில் ஒன்றுக்குச் சுழி உண்டு, வால் உண்டு.
ஸ்விஃப்ட் கரண்ட் கம்பங்களுக்கு அது ஒத்துவராது.

கண்ணுக்கு எட்டிய அண்டத்தின் அணுக்களை எல்லாம்
கொட்டினாலும் நிரம்பாத எண்.
உடைப்பதோ எளிது.
ஏழேழாகக் கட்டினால் பதின்மூன்று கட்டு,
மீதி கிடையாது.
ஏழு ஒன்றுகள் அதை வகுக்கும்;
அந்த ஏழு ஒன்றுகளை 239 வகுக்கும்.
பகு எண்.
இரண்டு லாரிகளுக்கு நடுவே முடிந்த வேலை.

நவம்பர் கடைசியில் லார்ன் டிக்,
மைசூர்ப் பருப்பு நாற்பது டன்னோடு
பனிக்கட்டியில் வழுக்கி
ஓரத்து இரண்டு கம்பங்களைக் கொண்டுபோனான்.
அவனுக்கு உதட்டில் மூன்று தையல்.
எனக்கு எண்பத்தொன்பது.

எண்பத்தொன்பதைக் கட்டாகக் கட்ட முடியாது.
நீளம் பகா எண், அதனால் எண்ணும் பகா எண்தான் என்று
ஒரு காப்பி பந்தயம் வைத்தேன்.
"அவ்வளவு பெரிசா? எங்கேயாவது ஓட்டை இருக்கும்"
என்றான், வீங்கிய உதட்டோடு.

வகுக்க வருகிறவருக்கு ஒரு நிபந்தனை:
எண்பத்தொன்பதால் வகுத்தால்
மீதி ஒன்று வரவேண்டும்.
மூன்று வாசலோடு போனது. ஏழு போனது.
179 உள்ளே வந்து உட்கார்ந்து, தோற்று, எழுந்தது.
அடுத்து 1069.
பிறகு வந்தவர்கள் நானூறோ நானூற்றைம்பதோ,
கணக்கு வைக்கவில்லை.

கால்குலேட்டரில் பன்னிரண்டு இலக்கம்தான்.
போதும்.
பத்தில் தொடங்கு, ஆறு முறை வர்க்கம்,
நடுநடுவே ஒரு பத்தால் பெருக்கு,
ஒவ்வொரு அடியிலும் மீதியை மட்டும் வைத்துக்கொள்.
எடைச் சீட்டுகளின் பின்பக்கம் முழுக்க
மீதிகள்.
கம்ப்யூட்டரைக் கேட்டிருந்தால்
இமைப்பதற்குள் சொல்லியிருக்கும்.
கேட்கவில்லை.
மைனஸ் முப்பத்தாறில் ஒரு பிப்ரவரியை
வேறு எங்கே கொண்டுபோய் வைப்பது?

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை
497867.
மீதி: 1.
நம்பாமல் இன்னும் மூன்று தடவை போட்டேன்.
வெளியே லார்ன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்,
மேடையில் அவன் லாரி,
எடை எழுத மறந்த நான்.

பகு எண்தான். காப்பி வாங்கிக் கொடுத்தேன்.
அதோடு விட்டிருக்கலாம்.
அத்தனை பேரை
எண்பத்தொன்பது எண்பத்தொன்பதாய் நிறுத்தினால்
ஐயாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்று நான்கு வரிசை,
ஒரு ஆள் வெளியே, குளிரில்.
உடைந்து விழுந்த துண்டுக்குக் கூடத் தெரிகிறது
எத்தனை கம்பங்களிலிருந்து விழுந்தோம் என்று.

வகுத்தும் பார்த்தேன், கையால்.
ஈவு எண்பத்து மூன்று இலக்கம்:
2231 என்று தொடங்கி 3 என்று முடிகிறது.
நடுவில் வேலியைத் தேடினேன்,
காணோம்.
அதற்குள் இன்னும் யார் யார் இருக்கிறார்களோ.
யாராக இருந்தாலும்
அந்த வெளியே நிற்கும் ஆள் அவர்களோடும் வருவார்.

மே மாதம் மண் இளகியதும்
பிக்கப்பில் இரண்டு புதுக் கம்பங்களோடு
ஃப்ரீசன் வந்தார்.
குழி தோண்ட ஆரம்பித்தார்.
ஜன்னலைத் திறந்து கையைத் தூக்கினேன்.
"ஏதாவது சொன்னாயா?"
"காப்பி வேண்டுமா என்று கேட்டேன்."