நூறு கிராமுக்கு மேலா

கேத்தியில் கேரட் கழுவும் கொட்டகை.
என் புரோகிராம் கேட்பது ஒரே கேள்வி:
நூறு கிராமுக்கு மேலா, கீழா?

பொடி முன்னால், பெரிசு பின்னால்
அடுக்கிய எடைப் பட்டியலைக் கொடுத்தால்
கண் மூடித் திறக்குமுன் முடிக்கிறது.
சேற்றோடு வந்த வரிசையிலேயே கொடுத்தால்
அதே எடைகள், அதே கேள்வி,
மூன்று மடங்கு நேரம்.

விடை வரும்வரை சிப் காத்திருப்பதில்லை.
ஊகித்து அடுத்த வேலையைத் தொடங்கிவிடுகிறது,
என் தலையைக் கண்டதும் பெள்ளி அண்ணன்
சர்க்கரை போட்டு ஆற்றுகிற மாதிரி.

இன்று சர்க்கரை வேண்டாம் என்றேன்.
அவர் முகம் சுளிக்கவில்லை.
கிளாஸை வாய்க்காலில் கவிழ்த்து, அலசி,
பாலை மறுபடி அடுப்பில் ஏற்றினார்.
குன்னூர் பஸ் போய்விட்டது.

நாளை அந்தக் கேள்வியையே நீக்கிவிடுவேன்:
கழித்து, மீதியின் குறியை எண்ணினால் போதும்.
அண்ணனிடம்
என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லை.