கடைசிப் பெயர்க் கட்டம்

இந்தக் கணினிக்கு இனிப் புதுப்பிப்பு கிடையாதென்று
அக்டோபரில் விண்டோஸ் கைகழுவியது.
நல்ல மடிக்கணினி.
பசு கன்று போட்ட இரவில் கொட்டில் தரையில் விழுந்தும்
பிழைத்துக்கொண்டது.
மீன் ஆலையில் வேலை பார்க்கும் போலந்துக்காரர் ஸ்வாவோமிர்
சட்டைப்பையில் லினக்ஸ் கொண்டுவந்தார்.
கூலி வேண்டாமாம். அவர் பூனைக்கு ஒரு தடுப்பூசி.
பூனை என்னைக் கீறியது,
அதோடு கணக்குத் தீர்ந்தது.

நிறுவ அரைமணி நேரம்.
குடிபெயர்க்கத்தான் மூன்று நாள்.

பத்தொன்பது வருட மின்னஞ்சல்
ஒரே கோப்பாகக் கிடந்தது,
பழைய மென்பொருள் மட்டுமே சாவி வைத்திருந்த பெட்டி.
சுற்றுவழியில் எடுத்துவந்தோம்.
நாற்பத்தோராயிரம் கடிதங்கள்
பச்சைப் பட்டையில் எறும்பாய் ஊர்ந்தன.
இசாஃப்யோர்துரில் மாலை நான்குக்கே இருட்டு.
‘மூன்று ஆடுகள் எழவில்லை, அவசரம்’ என்று
என்றைக்கோ வந்த ஒன்று:
ஆடுகள் இல்லை, எழுதியவரும் இல்லை.
அவசரம் மட்டும் சிவப்புக் கொடியோடு
பத்திரமாக வந்து சேர்ந்தது.

முகவரிகள் தனிக் கோப்பு.
காற்புள்ளி போட்டுப் பிரித்து வைத்த மனிதர்கள்.

முதல் தடவை எழுத்துகள் உடைந்தன.
முள் என்றே எங்கள் நெடுங்கணக்கில் ஓர் எழுத்து உண்டு.
அது இருந்த இடத்திலெல்லாம்
யாரோ மிதித்ததுபோல் இரண்டு கோணல் குறிகள்.
தோர்கெர்துர் தலையில்லாமல் வந்தாள்.
“யூடிஎஃப் எட்டு என்று மாற்று” என்றார் ஸ்வாவோமிர்.
தன் பெயரின் குறுக்குக்கோட்டை
படிவம் படிவமாகத் தொலைத்தவருக்குத்
தெரியாமல் இருக்குமா.

இரண்டாம் தடவை எழுத்து சரி.
வரிசைதான் போச்சு.

எங்களில் முக்கால்வாசிப் பேருக்குக் குடும்பப் பெயர் கிடையாது.
இன்னார் மகள், இன்னார் மகன், அவ்வளவே.
மந்திரியானாலும் முதல் பெயர்தான்.
தொலைபேசிப் புத்தகத்திலும் அப்படியே நிற்போம்,
அவரவர் பெயரோடு.
மென்பொருளுக்கு இது யார் சொல்வது?
கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் வைத்திருந்தது,
அதைப் பிடித்து அடுக்கிவிட்டது.
ஒரே சொடுக்கில் ஊர் முழுக்க
அப்பன்மார் பின்னால் போய் நின்றது.
வேலித் தகராறில் பேச்சு விட்ட அண்ணனும் தங்கையும்
தோளுரசிக்கொண்டு.

நான் என்னைத் தேடினேன்.
ஸ்டெய்ன்வோர், கோல்பெய்ன் மகள்.
அடுத்த வரியில்
ஆர்மன், கோல்பெய்ன் மகன்.

தீரா பக்கத்து ஆட்டுக்காரர்.
பதினொரு வருடமாக அவர் கொட்டிலுக்குப் போய் வருகிறேன்.
காப்பி ஊற்றும்போது என்னைப்போலவே
கோப்பை நிறையுமுன் கையை இழுத்துக்கொள்வார்,
பாதி எப்போதும் குறையும்.
கோல்பெய்ன் என்று இந்தக் கரையில் அதிகம் பேர் இல்லை.
என் அப்பா மீன்பிடிக் கப்பலில் இருந்தார்.
எந்தெந்தத் துறையில் கப்பல் நின்றது என்று
வீட்டில் கேட்டதில்லை.

ஸ்வாவோமிர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
பூனையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

அமைப்புகளுக்குள் போய் ஒரு குறி மாற்றினேன்.
முதல் பெயர்ப்படி அடுக்கு.
அவர் மேலே போய்விட்டார், அகரம் தாண்டி உடனே.
நான் அடியில்.
நடுவே எழுநூற்றுச் சொச்சம் பேர்,
உரக் கடை, குழாய்க்காரர், பல் வைத்தியர்.

கடைசி வேலை, சோதனைக் கடிதம்.
எனக்கே அனுப்பிப் பார்ப்பதுதான் முறை.
பெறுநர் கட்டத்தில் கை ஓர் எழுத்தை அடித்தது.
மென்பொருள் மிச்சத்தைத் தானே நிரப்பியது.

‘இது சோதனை. வந்ததா?’

காப்பி போட்டேன். பாதிக் கோப்பை.
திரும்பி வந்தபோது தடித்த எழுத்தில்
ஒரே ஒரு வரி, படிக்காதது:

‘வந்தது. ஏன், என்ன விஷயம்?’