சில்லறை

இருபத்தாறு வருடம் பினாங்குப் பாலத்து வாசலில்
ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தேன்.
வேதம் வாசிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்:
ஆயக்காரி.

யாரும் அந்த வழியாய் வந்து
எழுந்து வா என்று சொல்லவில்லை.
இயந்திரம் வந்தது.
அட்டையைக் காட்டினால் கட்டை உயர்ந்தது.
மேலாளர் ஒரு கேக் வெட்டி, சுவர்க்கடிகாரம் கொடுத்து
எழுந்து போ என்பதை
மலாயில் மரியாதையாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு நாலு வருடம்
பிறையில், மூன்றாம் மாடியில்,
அந்தக் கடிகாரம்தான் வீட்டில் பேசியது.
மகன் மெல்பர்னில். அவன் அப்பா கல்லறையில்.
ஆண்டவரே, இந்தக் கையை வைத்துக்கொண்டு
நான் என்ன செய்ய என்று ஜெபித்தேன்.
ஜெபித்தேன் என்பது பெரிய வார்த்தை.
துணி காயப்போடும்போது முணுமுணுத்தேன்.

சபையில் ஒருநாள்
அவரவர் வரத்தைத் தாளில் எழுதச் சொன்னார்கள்.
பக்கத்தில் தபித்தாள், 'பாடுவேன்' என்று எழுதினாள்.
அவள் பாடி நான் கேட்டிருக்கிறேன்.
நான் எழுதியது:
ஜன்னல் வழியே கை நீட்டத் தெரியும்.
ஒரு முகத்தை மூன்று விநாடி பார்க்கத் தெரியும்.
போதகர் தாளைத் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கம் ஏதாவது இருக்கும் என்று.
ஆங்கில ஆராதனைக்கு வரும் ஊய், வேன் ஓட்டுகிறவன்,
வெள்ளிக்கிழமை ராத்திரி வா அக்கா என்றான்.

கொம்தார் பின்னால், கடைகள் இரும்புக்கதவை இறக்கியதும்
ஐந்தடிப் பாதையில் அட்டை விரித்துப் படுக்கிறவர்கள்
வேன் ஜன்னலுக்கு வரிசையாக வருவார்கள்.
பழைய கூண்டின் அதே உயரம்.
சோற்றுப் பொட்டலம், வாழைப்பழம், கட்டித் தந்த தேநீர்.
முதல் ராத்திரி, பழக்கதோஷம்,
உள்ளங்கையை மேலே காட்டி நீட்டிவிட்டேன்.
எதிரே நின்றவர் மிரண்டுபோய்
சட்டைப்பையைத் தடவினார்.

கையைக் கவிழ்க்கக் கற்றுக்கொள்ள
எனக்கு அறுபத்திரண்டு வயதாகியிருக்கிறது.

ஒரு மழைநாளில்
தலைக்கவசத்தோடு ஒருவர் வந்தார். கண்ணாடியை ஏற்றினார்.
தெரிந்த கண்கள்.
எப்போதோ ஒரு விடியற்காலை, மோட்டார் சைக்கிள்,
நாற்பது சென் குறைந்தது.
பின்னால் ஹாரன் அலறியது. நான் சட்டம் பேசினேன்.
என் பையில் சில்லறை இருந்தது.
இதே போன்ற மழையில் அவர்
வண்டியைத் தள்ளிக்கொண்டு எதிர்த்திசையில் நடந்தார்.

அவராக இல்லாமலும் இருக்கலாம்.
மூன்று விநாடிக்குமேல் யாரையும் நான் பார்த்ததில்லையே.

இரண்டு பொட்டலம் கொடுத்தேன்.
ஒன்றைத் திருப்பி வைத்தார்.
"போதும்மா, பின்னால ஆள் நிக்குது."
சொல்ல வைத்திருந்த மன்னிப்பு
வாயிலேயே நின்றது. அடுத்த கை வந்துவிட்டது.

இப்போதும் வெள்ளிதோறும் பாலம் ஏறுகிறோம்.
என் கூண்டில் விளக்கில்லை.
கண்ணாடியில் யாரோ ஒட்டிய விளம்பரத்தாள்
பாதி உரிந்து படபடக்கிறது.
வேனுக்கு முன்னால் கட்டை உயர்கிறது,
ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
ஊயின் அட்டைதான். தெரியும்.
ஆனாலும் ஒவ்வொரு முறையும்
எனக்காக யாரோ கட்டிவிட்டதுபோல்
தலையைத் தாழ்த்திக்கொள்கிறேன்.