மேல்தளத்துக்கு விட்ட கம்பிகள்

எங்கள் கல்லூரியில் எந்தக் கட்டடமும் முடிந்ததில்லை.
ஒவ்வொரு தூணின் தலையிலும் நான்கு கம்பிகள்
வானத்தைப் பார்த்தபடி.
அடுத்த மாடிக்குங்க என்பார் மேஸ்திரி.
எப்போது என்று அவரிடம் கேட்க முடியாது,
முதல்வர் நான்தான்.

வெள்ளகோவிலுக்குத் தெற்கே, மூலனூர் சாலையில்,
காற்று மட்டும் கேட்காமல் கிடைக்கிற மேடு.
முதல் ஆண்டு வகுப்புகள்
சென்னியப்பனின் பஞ்சுக் கிடங்கில்.
ஒருவர் தும்மினால் நாற்பத்திரண்டு பேரும் தும்முவார்கள்.
வருகைப் பதிவை அதிலேயே எடுத்திருக்கலாம்.

அங்கீகாரத்துக்குப் பல்கலைக்கழகக் குழு வருகிற அன்று
மூவாயிரம் புத்தகங்கள் இருந்தாக வேண்டும்.
எண்ணிப் பார்த்தோம், இரண்டாயிரத்து எழுநூற்றுப் பதினொன்று.
ராத்திரியோடு ராத்திரியாக
அட்டெண்டர் ரங்கப்பன்
கிடங்கின் பழைய கணக்குப் பேரேடுகளுக்கு நீல அட்டை போட்டு
மேல்தட்டில் அடுக்கிவிட்டான்.
எனக்குத் தெரியாது என்று சொல்ல ஆசை.
பசை காய்ச்சிக் கொடுத்தது நான்.

குழுவின் தலைவர் உயரமான ஆள். கை நேராக
மேல்தட்டுக்குத்தான் போனது.
கருங்கண்ணிப் பருத்தி, பொதி பதினாறு,
பாக்கி முத்தூர் நாச்சிமுத்து
என்று வாய்விட்டுப் படித்தார்.
எச்சில் விழுங்கினேன்.
‘பொருளியல் துறைக்கு நல்ல ஆவணம்’ என்று
இருந்த இடத்திலேயே வைத்தார்.
அவர் கறுப்புக் கோட்டில் பஞ்சு ஒட்டியிருந்தது.
கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

மூன்றாம் வருஷம் சித்திரையில்
சம்பளத்துக்குப் பணம் இல்லை.
சென்னியப்பன் கண்ணபுரம் சந்தைக்கு ஒரு சோடி ஓட்டிப்போய்
ரொக்கத்தைத் துண்டில் முடிந்து கொண்டுவந்தார்.
பதினாலு பேருக்கும் கவர் போட்டோம்.
அடுத்த வாரமே தங்கச்சி மருமகனுக்குத்
தாவரவியலில் ஒரு இடம் கேட்டார்.
பையன் இரண்டாம் தாளில் இரண்டு முறை தவறியவன்.
அந்தக் காளைக் காசில் வாங்கிய பேனாவால்
இயலாமைக்கு வருந்துகிறேன் என்று எழுதினேன்.
பதினோரு மாதம் என்னோடு பேசவில்லை.
ஜெனரேட்டருக்கு டீசல் மட்டும்
தேதி தவறாமல் வந்துகொண்டிருந்தது.

விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில்
ஒரு பானை எப்படி இரண்டானது என்று
வார்டனுக்கும் தெரியவில்லை, சமையல்காரருக்கும் தெரியவில்லை.
யார் எதில் மொள்ளுவது என்பது மட்டும்
எல்லாருக்கும் தெரிந்திருந்தது.
ஒன்றை உடைத்தேன்.
செலவுப் பேரேட்டில் எழுதினேன்:
பானை 1, கை தவறி, ஏழு ரூபாய்.
இரண்டு பேர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார்கள்.
ஒருவன் ஐப்பசியில் திரும்பி வந்தான்,
கட்டணம் கட்டத் தாமதம் என்று அபராதத்தோடு.

பிறகு எல்லாம் வேகம்.
வேதியியல் ஹெப்சிபா ஈரோட்டில் இரவல் வாங்கிய தராசு
இரவல் என்பதே மறந்துபோனது.
நாலு ஆழ்குழாய், தொள்ளாயிரம் அடி,
புகையாக மண் வந்தது இரண்டில்.
நூருல்லாவின் கால அட்டவணை
காலண்டர் பின்தாளில் அடங்கியது போய்
ஒரு சுவர் கேட்கிறது.
முன்பெல்லாம் யார் எந்தப் பஸ்ஸில் வருகிறார்கள்,
யார் வீட்டில் தறி நின்றுவிட்டது என்று தெரியும்.
இப்போது ஆயிரத்து எண்ணூறு பேர்.
மாற்றுச் சான்றிதழில் ‘நன்னடத்தை’ என்று
முகம் தெரியாமல் கையெழுத்திடுகிறேன்.
பாதியாவது உண்மையாக இருக்கும்.

நேற்று தொட்டியில் தண்ணீர் ஏறவில்லையென்று
மொட்டைமாடிக்குப் போனேன்.
கம்பிகளில் ஆய்வகக் கோட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன,
அமிலம் தின்ற ஓட்டைகளோடு,
காற்றுக்குக் கை வீசிக்கொண்டு.
புது மேஸ்திரி துருவைச் சுரண்டிப் பார்த்தார்.
‘ஏனுங்க மேடம், மேலாப்புலதான் துரு.
ஒரு அடி வெட்டிப்போட்டு ஒட்டிக்கலாமுங்க.
எத்தன மாடி?’

ஒண்ணு, என்றேன்.

‘அதுக்கு மேல?’

கம்பி விட்டு வையுங்க.